கடைசியில் நின்ற வெள்ளைக் கார்

டவுன் பஸ் ஓட்டுநர் தன் வாழ்நாளில் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் பெரியது, தன் சின்ன மகள் கார் பந்தயத்தில் ஓட்டுகிறாள் என்று அக்கா வீட்டில் அளந்துவிட்டதுதான். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அவள் பந்தயத் திடலில்தான் ஓட்டினாள், அதுவும் பந்தயக் கார்களோடு. ஆனால் ஓட்டியது டாக்டர் வண்டி. முதல் சுற்றில்தான் கார்கள் நெருக்கியடித்துக்கொண்டு மோதும் என்பதால், டாக்டரை ஏற்றிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் விரட்டிப் போக வேண்டும். அந்தச் சுற்று முடிந்ததும் ஓரமாக ஒதுங்கிவிட வேண்டும். மகள் போனில் இதைப் புட்டுப் புட்டு வைத்திருந்தாள். அவர்தான் பாதியை விழுங்கிவிட்டார்.

விழுங்கியதற்குக் காரணம் அத்தான். அக்காவின் கணவர் கணக்கு வாத்தியார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் எத்தனையாவது ரேங்க் என்று கேட்கும் பழக்கத்திலிருந்து அவர் ஓய்வு பெறவில்லை. சின்னவளோ பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு. பத்து வருடம் அந்தக் கேள்விக்குத் தலை குனிந்த ஓட்டுநர், ஒரு தடவையாவது நிமிரலாமே என்று வாயை விட்டார். வாத்தியார் சும்மா இருப்பாரா? நேரில் பார்த்தே தீருவேன் என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்.

ஓட்டுநரின் மனைவிக்கு உண்மை தெரியும். ஆரம்பித்தவரே முடித்துக்கொள்ளட்டும் என்று காலையிலேயே கை கழுவிவிட்டாள். இப்போது தகரக் கூரைக்குக் கீழே, சிமெண்டுப் படியில் துண்டு விரித்து உட்கார்ந்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கத் தயாராக இருந்தாள். வேடிக்கை எது என்று கேட்டால், கணவரைத்தான் காட்டியிருப்பாள்.

கீழே நேர்ச் சாலையில் இருபது கார்கள் இரண்டிரண்டாக உறுமிக்கொண்டு நின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால், கூரையில் விளக்கு வைத்த ஒரு வெள்ளைக் கார். நம்ம பெண் எது என்று அக்கா கேட்டாள். ஓட்டுநர் விரலை நீட்டினார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்னாலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இருபத்தொண்ணாவதா மச்சான்?"

ஓட்டுநர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். இங்கே முந்திப் போவது மட்டுமே முக்கியமில்லை என்று எதையோ சொல்லிப் பூசி மெழுகினார். கார் பந்தயத்தில் வேறு என்ன முக்கியம் என்று வாத்தியார் கேட்டார். நியாயமான கேள்விதான். நல்லவேளை, அதற்குள், அணைந்ததும் கிளம்ப வேண்டிய சிவப்பு விளக்கு அணைந்து கார்கள் பாய்ந்துவிட்டன.

நேர்ச் சாலை முடிகிற முதல் வளைவு, அவர்கள் உட்கார்ந்த இடத்துக்கு எதிரிலேயே இருந்தது. நடுவில் போன இரண்டு கார்கள் உரசிக்கொண்டன. நீலக் கார் ஒன்று சுழன்று போய், டயர் அடுக்கிய சுவரில் மோதிக் கவிழ்ந்தது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. மூச்சு விடும் நேரம்கூட ஆகியிருக்காது, வெள்ளைக் கார் அங்கே வந்துவிட்டது.

மற்றவர்கள் கவிழ்ந்த காரைப் பார்த்தார்கள். ஓட்டுநர் மகளின் பிரேக்கைப் பார்த்தார். அத்தனை வேகத்தில் வந்த வண்டி மூக்கைக் குத்தவில்லை, வாலைத் தூக்கவில்லை, வழுக்கவில்லை. சாலையை மறித்துக் குறுக்காக நின்றது. திடலைச் சுற்றிக்கொண்டு பின்னால் எவன் வந்து இடித்தாலும் முதலில் இந்த வண்டியைத்தான் இடிக்க வேண்டும். டாக்டர் அம்மாவின் கதவோ, அடிபட்டவன் பக்கம் திறந்தது. நின்றுகொண்டு வரும் அறுபது பேரை முப்பது வருடமாகக் கீழே விழவிடாமல் ஏற்றி இறக்கியவர் அவர். அந்த மாதிரி நிறுத்தத் தனக்கு வராது என்பது அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

சின்னவள் தீயணைக்கும் உருளையோடு இறங்கி, புகைந்துகொண்டிருந்த எஞ்சின் பக்கம் போய் நின்றாள். சிவப்புக் கொடிகள் ஆடின. பந்தயம் நின்றது.

"ஏன் மச்சான், இவ எதுக்கு எறங்கினா? இவளுக்குப் பந்தயம் போச்சே," என்றார் வாத்தியார்.

"அவ பந்தயத்துல ஓடல அத்தான். டாக்டர் வண்டி ஓட்டுறா. உங்ககிட்ட நான்தான் மாத்திச் சொன்னேன்."

சொன்ன பிறகுதான், குரல் தாழவில்லை என்பதை அவரே கவனித்தார். இதை மறைக்கவா இத்தனை பாடுபட்டோம் என்று தன் மேலேயே எரிச்சலாக இருந்தது. நீலக் காரின் பையன் டாக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கையை உயர்த்திக் காட்டினான். கைதட்டல் அடங்கியதும் வாத்தியார் பக்கத்துப் படிக்காரர்களிடம் திரும்பி, அந்த வெள்ளைக் கார் எங்கள் வீட்டுப் பெண் ஓட்டுவது என்று முன்வரிசை பின்வரிசை பாக்கியில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

அரை மணி நேரத்தில் மிச்சமிருந்த கார்கள் மறுபடி வரிசைக்கு வந்தன. வெள்ளைக் கார் இந்த முறையும் கடைசியில், அவர்களுக்கு நேர் கீழே வந்து நின்றது. ஓட்டுநருக்குப் பெருமை தாங்கவில்லை. வயதை மறந்து படிகளில் இறங்கிக் கம்பி வேலி வரை ஓடினார். அக்காவும் மூச்சு வாங்கப் பின்னால் வந்தாள். எட்டிப் பேசுகிற தூரம்தான். கண்ணாடி இறங்கியிருந்தது. மகளின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில், கண்கள் சிவப்பு விளக்கில்.

"சின்னவளே!" என்று கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக. தலை இம்மியும் அசையவில்லை.

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. "பெத்த அப்பன் கூப்பிடுறது கேக்கலையா அவளுக்கு?"

"கேட்டிருக்கும்," என்றார் ஓட்டுநர்.

"அப்ப திரும்பினா என்னவாம்?"

"திரும்பியிருந்தா நானே திட்டியிருப்பேன்க்கா. ஓட்டுறவங்ககிட்ட பேச்சுக் குடுக்கக் கூடாது, வா."

அக்காவின் கையைப் பிடித்து வேலியிலிருந்து இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டு, அவரும் வாயை மூடிக்கொண்டு சிவப்பு விளக்கையே பார்த்தார்.