ஆளுக்கொரு மடிப்பு

தலைவர் ஒரு காலத்தில் லைன்ஸ்மேன். பந்து போகும் இடத்தை ஊரே பார்க்க, யார் கால் கோட்டைத் தாண்டுகிறது என்று அவர் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் கண்ணோடுதான் நடுவரானார், மாவட்டச் செயலாளரானார், கால்பந்து சம்மேளனத்தின் நாற்காலியில் ஏறிப் பதினாறு வருடம் உட்கார்ந்தார். முதல் தேர்தலுக்குப் பிறகு எதிர்த்து நிற்க ஆளில்லை. இப்போது ஒரு முன்னாள் கோல்கீப்பர் நிற்கிறார். தோற்றால் வீட்டில் டிவி முன்னால் உட்கார வேண்டியதுதான்.

மொத்த ஓட்டு இருபத்திரண்டு. தன்னுடையது போக, பன்னிரண்டு பேர் அவருடைய ஆட்கள். ஆனால் சிரிக்கிறவனையெல்லாம் நம்ப அவர் என்ன பச்சைக் குழந்தையா? மனைவியின் தம்பியே நேற்று கோல்கீப்பரோடு காபி குடித்திருக்கிறான்!

தேர்தலன்று காலையில் முதல் வேலையாக அந்த மைத்துனனை வராந்தாவில் ஓரங்கட்டினார்.

"மச்சான், ஓட்டுச்சீட்டோட வலது மூலைய லேசா மடிச்சுப் போடு. எண்ணும்போது பாத்துக்கிறேன்."

"என்னையே சந்தேகப்படுறீங்களா அத்தான்?"

"சேச்சே! உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். வெளிய மூச்சு விடாத."

மைத்துனன் முகம் சுருங்க, தலையாட்டினான். தலைவர் அதே பேச்சை மாடிப்படியில், காருக்குள், கழிவறை வாசலில் என்று இன்னும் பதினொரு பேரிடம் பேசினார். ஒருவனுக்கு இடது மூலை, ஒருவனுக்கு நடுமடிப்பு, ஒருவனுக்கு ஓரத்தில் சின்னக் கிழிசல். யாருக்கு எது என்ற பட்டியல் அவர் சட்டைப்பையில் இருந்தது.

ஓட்டெண்ண ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை வெளியிலிருந்து அழைத்திருந்தார்கள். சீட்டுகளை அவர் பிரிக்கப் பிரிக்க, தலைவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டும் சரியாக இருந்தது. ஒருவன்கூடக் காலை வாரவில்லை! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நீதிபதி அந்தப் பன்னிரண்டையும் தனியே ஒதுக்கினார். "அடையாளம் வச்ச சீட்டு செல்லாது. விதி பதினேழு."

"எவன் போட்ட விதி அது?" தலைவர் எழுந்தே விட்டார்.

"நீங்கதான். பதவிக்கு வந்த முதல் மாசமே போட்டிருக்கீங்க. கையெழுத்து இருக்கு."

முதல் தேர்தலில் எதிராளியின் ஆட்கள் இப்படி அடையாளம் வைத்தார்களோ என்று சந்தேகப்பட்டுக் கொண்டுவந்தது. அதன்பின் ஓட்டுப்பெட்டிக்கே வேலையில்லாததால் மறந்தே போயிருந்தார்.

கோல்கீப்பருக்கு ஒன்பது. தலைவருக்கு ஒன்று, அதுவும் அவரே போட்டது.

பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மைத்துனன் மட்டும் கிட்டே வந்தான்.

"என்மேல மட்டும்தான் சந்தேகம்னு நெனச்சு, காலையிலேருந்து தண்ணிகூட இறங்கல அத்தான். இப்ப பரவாயில்ல."