எண்ணூற்றுப் பதினேழு ஆமைகள்

வழக்கமாக ஏழு மணிக்கு வரும் விரிவுரையாளர் அன்று ஐந்தே முக்காலுக்கே ஏரிக்கு வந்துவிட்டாள். கரையில் காவலாளி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் முந்தின மாலை இறக்கிவைத்த கூண்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். ஓர் ஆமையை எடுத்தார். ஓட்டைத் திருப்பிப் பார்த்தார். பச்சைக் குழந்தையை இறக்குவதுபோல் தண்ணீரில் விட்டார். ஓட்டின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி இருந்தது. அவள் வைத்த புள்ளி.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் நெயில் பாலிஷ் வாங்கியதே இந்த ஆமைகளுக்குத்தான். முதல் தடவை பிடித்த முப்பத்தெட்டுக்கும் புள்ளி வைத்துத் திரும்ப ஏரியில் விட்டாள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பிடித்தாள். புள்ளி உள்ளவை நிறைய மாட்டினால் ஏரியில் ஆமை கொஞ்சம்தான். ஒன்றிரண்டே மாட்டினால் ஏகப்பட்டது இருக்கிறது என்று பொருள். நாற்பத்து மூன்று மாட்டியதில் புள்ளி இரண்டே இரண்டில். கணக்கு எண்ணூற்றுப் பதினேழு என்றது. இத்தனூண்டு ஏரியில் எண்ணூறா என்று அவளுக்கு அப்போதே நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஒருமுறை மாட்டிய ஆமை கூண்டுக்குப் பயந்து ஒதுங்குகிறதோ என்று மூன்றாம் முறை பிடித்துப் பார்க்கத்தான் கிளம்பி வந்திருந்தாள். துறைத்தலைவர் அதற்குள் எண்ணை நகரசபைக்கு அனுப்பிவிட்டார். பாதி ஏரியைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்ட நினைத்தவர்களுக்கு வாயெல்லாம் பல். இத்தனை ஆமை இருக்கும்போது பாதி ஏரி போனால்தான் என்ன?

"அண்ணே, என்ன பண்றீங்க?"

காவலாளி திருடன் மாதிரி எழுந்து நின்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அன்னைக்கு ரோட்டை அகலப்படுத்தினப்போ மரத்துக்கெல்லாம் இப்படித்தான் சிவப்புப் பெயின்ட் அடிச்சாங்க. அடிச்ச மரத்தை எல்லாம் வெட்டிட்டாங்க. இதுங்களுக்கும் அதே கதிதான்னு நினைச்சேன்."

"போன தடவையும் விட்டீங்களா?"

"புள்ளி இருக்கறதை மட்டும். ரெண்டு மட்டும் கூண்டுக்கு அடியில கெடந்துச்சு போல, கண்ணுல படலை."

"எத்தனை விட்டீங்க?"

"எண்ணலையே. பதினாலு, பதினஞ்சு இருக்கும்."

அவற்றையும் சேர்த்து அவள் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஏரியில் மொத்தமே நூற்று முப்பதைச் சுற்றி வந்தது. அந்த மனிதரைத் திட்ட வாய் வரவில்லை. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே அண்ணே" என்றாள்.

"நீங்க கோட்டு போட்டுக்கிட்டு வர்றீங்க. நான் எப்படிக் கேக்கறது?"

பத்து மணிக்குத் துறைத்தலைவர் அறையில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார்.

"நான் கையெழுத்து போட்டு அனுப்பியாச்சும்மா. இப்போ வாட்ச்மேன் சொன்னாருன்னு நூத்தி முப்பதுன்னு எழுதினா எவன் மதிப்பான்? அவருக்கே எண்ணிக்கை தெரியலைங்கறீங்க."

"எண்ணூறு தப்புன்னாவது எழுதலாமே, சார்."

"மறுபடி பிடிங்க, மறுபடி எண்ணுங்க. தாளோட வாங்க, பாக்கலாம்."

"புதுசாப் புள்ளி வச்சு ரெண்டு வாரம் விடணும் சார். அதுக்குள்ள மண்ணைக் கொட்டிடுவாங்க."

அவர் மேசையிலிருந்த வினாத்தாள் கட்டை அவள் பக்கம் நகர்த்தினார். மதியம் அவளுக்குத் தேர்வு மேற்பார்வை. மூன்று மணி நேரம் மாணவர்களின் குனிந்த தலைகளுக்கிடையே நடந்தாள். வினாத்தாளில் ஒரு கேள்வி: குறியிட்டு மீண்டும் பிடிக்கும் முறையில் எவற்றை மெய்யெனக் கொள்கிறோம்? ஒருத்தி நாலு வரியில் எழுதி முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழிக்கலாம் போல இருந்தது.

சாயங்காலம் கூண்டுகளோடு ஏரிக்குப் போனபோது எதிர்க்கரையில் நாலு லோடு செம்மண் இறங்கியிருந்தது. காவலாளி அங்கிருந்து கையசைத்துக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அவள் சேறு மிதித்துப் போனாள்.

மண்மேட்டின் சரிவில் ஓர் ஆமை. ஓட்டில் புள்ளி எதுவும் இல்லை. பின்கால்களால் மாறி மாறிக் குழி பறித்துக்கொண்டிருந்தது. இளக்கமான புது மண், பறிப்பதற்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். குழியின் அடியில் ஏற்கெனவே மூன்று முட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன.

"இது எந்தக் கணக்குல வரும், மேடம்?" என்று காவலாளி மெதுவாகக் கேட்டார்.

அவள் கூண்டுகளைக் கீழே வைத்தாள். ரோட்டுத் திருப்பத்தில் அடுத்த லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளாமல், நாலாவது முட்டையை இட்டுக்கொண்டிருந்தது.