அடி வண்டல்

மோட்டார்காரருக்குத் தன் மச்சினனைப் பிடிக்காமல் போனதற்கு மீன்தான் காரணம். வெளியில் சொன்னால் ஊரே சிரிக்கும் என்பதால் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

எரிந்துபோன மோட்டார்களுக்கு நாளெல்லாம் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். அந்தக் கையாலேயே வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில், முழங்கால் ஆழத்துக்கு ஒரு சிமெண்ட் குளம் கட்டி, மகளுக்காகத் தங்கமீன்கள் வாங்கி விட்டிருந்தார். குளம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். இரண்டு பேர் படுக்கும் கட்டில் அளவு இருந்தால் பெரிது. ஆனால் அதன் அடி இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும். கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

அது சும்மா வந்துவிடுமா? ஞாயிற்றுக்கிழமை ஊரே இழுத்துப் போர்த்தித் தூங்கும் நேரத்தில் அவர் எழுந்துவிடுவார். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் குளத்தில் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி, தண்ணீர் ஏறி வந்ததும் சட்டென்று வாளிக்குள் தாழ்த்த வேண்டும். கொஞ்சம் அசந்தால் வாய் நிறைய மீன் கழிவு. உள்ளே இருக்கும் முனையை அடியிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே பிடித்து, தரை துடைப்பதுபோல வரிவரியாக நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் வண்டல் கலங்கிவிடும். மூன்றில் ஒரு பங்குக்குமேல் தண்ணீரை எடுக்கக் கூடாது. எடுத்ததற்கு ஈடாக, டிரம்மில் பிடித்துவைத்து குளோரின் வாடை போன தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். வாளியில் சேர்ந்த வண்டலைச் செடிகளுக்குக் கொட்டிவிட்டுக் குழாயை ஆணியில் மாட்டும்போது, வீட்டில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துச் செய்துவிட்டு, ஒருத்தரும் பார்க்கவில்லையே என்று வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனிதரை என்னவென்று சொல்வது?

மனைவியின் தம்பி ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டினான். அதே ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறியதும் ஹார்ன் அடித்துக்கொண்டு வருவான். கையில் உடைந்த பன்னும் ஓரம் கருகிய ரொட்டியுமாக ஒரு பை. "மாமா!" என்று மகள் செருப்புகூடப் போடாமல் ஓடுவாள். அவன் நிழல் குளத்தில் விழுந்ததும் மீன்கள் மேலே வந்து துள்ளும். அதே மீன்கள் அவரைக் குழாயும் கையுமாகக் கண்டால் கல்லிடுக்குக்குள் பதுங்கிக்கொள்ளும்.

"பார்த்தீங்களா அத்தான், என்னைக் கண்டா எப்படி ஓடி வருதுங்கன்னு!"

"உன்னைக் கண்டு இல்ல, ரொட்டியைக் கண்டு."

"கைராசி அத்தான், கைராசி!"

மனைவி சும்மா இருப்பாளா? "என் தம்பின்னா சின்ன வயசுலேருந்தே நாய், பூனை எல்லாம் ஒட்டிக்கும்."

நாயும் பூனையும் ஒட்டிக்கொள்ளட்டும், யார் வேண்டாமென்றது? மகளும் அல்லவா ஒட்டிக்கொண்டாள். ஏழு வயதுப் பெண், அப்பா நகம் வெட்டக் கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். மாமா கூப்பிட்டால் தோளில் ஏறிக்கொள்வாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் பன்னைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "மாமா வந்தா மீனுக்கெல்லாம் ஜாலி. அப்பாவைப் பார்த்தா பயம்." குழந்தை மனதில் பட்டதைச் சொன்னது, அவ்வளவுதான். அவர் அன்று பாதிச் சோற்றிலேயே கை கழுவிவிட்டார்.

சரி, இந்தக் கைராசி எத்தனை நாளைக்குத் தாங்குகிறது என்று பார்த்துவிடலாம் என முடிவு செய்தார். அடுத்த ஞாயிறு குழாயை ஆணியிலிருந்து எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. கடையில் காயில் சுற்றிக்கொண்டே நடக்கப் போவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். குளம் நாறும். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "எல்லாம் உன் ரொட்டியாலதான்டா" என்று தம்பியை வாங்கு வாங்கென்று வாங்குவாள். மகள் பார்ப்பாள். அப்போது அவர் அலட்டிக்கொள்ளாமல் குழாயை எடுத்து வருவார். இந்தக் காட்சி அவருக்குப் பிடித்துப்போய்த் தினமும் ஓட்டினார்.

கூழாங்கற்கள் ஒன்றொன்றாக மறைந்தன. ஊறிப்போன ரொட்டி அடியில் படிந்து, அதன்மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்தது. பிறகு எல்லாமே கருத்தது. பின்கதவு வரைக்கும் வாடை வந்தது. அழுகல் நாற்றத்தை ஒரு மனிதர் ரசித்து மோந்தார் என்றால் அது அவர்தான்.

மூன்றாவது ஞாயிறு காலையில் பல் விளக்கப் போனவர் குளத்தைப் பார்த்தார். எல்லா மீன்களும் மேலே வந்து, தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வேறு எந்த நாளாக இருந்தாலும் ஒரே பார்வையில் அவருக்குப் புரிந்திருக்கும். அடியில் மூச்சுவிடக் காற்று இல்லாத மீன்தான் அப்படி வந்து நிற்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கே இதை விளக்கிச் சொன்னவர் அவர். ஆனால் அன்று அவர் புத்திக்கு வேறொன்றுதான் பட்டது. 'விடிஞ்சதும் விடியாததுமா அவனுக்காகக் காத்துக்கிட்டு நிக்குதுங்களே!' வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மகள் ஓடி வந்தாள். "அப்பா, மீனெல்லாம் மேலயே நின்னு வாயைத் தொறந்து தொறந்து மூடுதுப்பா!"

"உன் மாமா வருவான்னு நிக்குதுங்க."

அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "மாமா வந்துடுவாரு, இருங்க, இருங்க" என்று குளத்தோரமே உட்கார்ந்துவிட்டாள்.

ஹார்ன் கேட்டது. மச்சினன் வந்தான், பன்னைப் பிய்த்துப் போட்டான். பன் மிதந்தது. ஒரு மீனும் தொடவில்லை. பெரியவர் என்று அவள் பேர் வைத்திருந்த பெரிய மீனின் மூக்கில் ஒரு துண்டு இடித்து விலகிப் போனது.

"மாமா வந்துட்டாரு, சாப்பிடேன்!" என்று அவள் கெஞ்சினாள். பெரியவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது.

"அத்தான்! இங்க வாங்க, சீக்கிரம்!"

பின்வாசற்படியிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குழாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். உறிஞ்சிய அவசரத்தில் வாய் நிறையக் கறுப்புத் தண்ணீர். துப்பிவிட்டுத் திரும்ப உறிஞ்சினார். மச்சினன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு டிரம் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து வந்து, உயரத்திலிருந்து ஊற்றினான். நல்ல தண்ணீர் சேரச் சேர, மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பெரியவரும் இன்னும் இரண்டும் இறங்கவில்லை.

மகள் பெரியவரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். மச்சினனுக்கு முகம் செத்துப்போயிருந்தது.

"என்மேலதான் தப்பு, அத்தான். நான்கூட ஒரு நாள் இவகிட்ட கேட்டேன், இவ்வளவு போட்டா தண்ணி கெட்டுப்போகாதான்னு."

"என்ன சொன்னா?"

"'நீங்க எவ்வளவு வேணா போடுங்க மாமா, எங்கப்பா இருக்காரு'ன்னா. ஞாயித்துக்கிழமை காலையில நீங்க குளம் கழுவறதைப் படுத்துக்கிட்டே ஜன்னல் வழியாப் பார்ப்பாளாம். வாயில தண்ணி போய் நீங்க துப்புறப்ப, போர்வையை மூடிக்கிட்டுச் சிரிப்பாளாம். எத்தனை தடவை சொல்லியிருக்கா என்கிட்ட!"

அவர் மகளைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டீங்களாப்பா?"

நல்ல வாய்ப்பு. "ஆமாண்டா கண்ணு" என்றார். "மறந்துட்டேன்."

"பரவால்லப்பா." மீனைக் கல்மேல் வைத்துவிட்டு, தன் கவுனின் ஓரத்தால் அவர் தாடையில் ஒட்டியிருந்த கறுப்பைத் துடைத்துவிட்டாள்.

"விடுங்க அத்தான், மறதி யாருக்குத்தான் இல்ல" என்றான் மச்சினன். அவன் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி நாலு கேள்வி கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவனோ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மதிலோரம் போனான். "வா பாப்பா, குழி தோண்டலாம்" என்று கூப்பிட்டான்.

அவள் போகவில்லை. "நான் அப்பாகூட இருக்கேன், மாமா" என்று அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாளாக அவர் எதற்காக வெந்துகொண்டிருந்தாரோ, அது தானாகவே வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. அவளைத் தூக்க அவருக்குக் கை எழவில்லை.