பின்சக்கரத் தகடு

வண்டித் தகடு வேலை பார்க்கும் டிங்கருக்குக் காலையிலிருந்தே உடம்பெல்லாம் அலுப்பு. நாற்பது வயதில் இடுப்பு இப்படிக் காலை வாரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாகத் தேடியிருப்பான். சொல்லத்தான் ஆளில்லை. இப்போது பட்டறைத் தரையில் அட்டையை விரித்து, அக்காவின் பழைய பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தான்.

பின்சக்கரத்துக்கு மேலே வளைந்து போகும் தகடு தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. மற்றவர்கள் வண்டியை விட்டால், எங்கே வெட்டுகிறான், எதைப் பூசுகிறான் என்று கண்கொத்திப் பாம்பாகப் பக்கத்திலேயே நிற்பார்கள். அக்கா அப்படியில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவாள். தம்பி கை பட்டால் போதும் என்பாள். இத்தனை வருடத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான்.

அந்த வீட்டில் வண்டி ஓட்டுவது அக்கா, குறை சொல்வது மாமா. அதாவது, அவள் கணவர். மழையில் நிறுத்தினாள், ஒழுங்காகக் கழுவவில்லை, அதனால்தான் இவ்வளவு துரு என்று வருஷக்கணக்காக அதே பாட்டு. இனிமேல் வேறு டிரைவர் என்று நேற்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அக்காவுக்கு அந்த வண்டியை ஓட்டுவதை விட்டால் வீட்டைத் தாண்டி வேறு உலகமில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று அவளே நம்பிவிட்டாள். வாரத்துக்கு இரண்டு தடவை குனிந்து உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றித் துடைப்பாள். துரு மட்டும் நிற்கவில்லை.

கிரைண்டரால் வெட்டித் தகட்டை நெம்பியதும், உள்ளிருந்து, ஓட்டையை மூடப் பூசிய பட்டி இறுகிப்போன கட்டி ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதோடு ஈரமும் கறுப்புமாக ஒரு துணி. இழுக்க இழுக்க வந்தது. ஒரு கை, இரண்டு பொத்தான், பிறகு இரட்டைத் தையல் போட்ட காலர். அவனுடைய சட்டைதான்.

ஒன்பது வருடத்துக்கு முன்பும் இதே அலுப்புதான். உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. வெட்டித் தகடு வைத்திருக்க வேண்டும். அவனோ கையில் கிடைத்த துணியைத் திணித்து, மேலே பட்டியைப் பூசி, பெயிண்ட் அடித்து அனுப்பிவிட்டான். இரண்டு மாதத்தில் சரியாகச் செய்துவிடலாம் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டான். பிறகு மறந்துவிட்டான் என்பதும் பாதிப் பொய். துணி தண்ணீரைக் குடித்துக் குடித்து, தகட்டை உள்ளிருந்தே அரித்திருக்கிறது.

சட்டையைக் கழிவு டிரம்மில் போட்டு மேலே இரும்புத்தூளைத் தள்ளினான். அட்டையில் அளவு வெட்டி, புதுத் தகட்டை அதற்கேற்ப வளைத்து, நாலு இடத்தில் வெல்டிங்கால் பொட்டு வைத்து நிறுத்தினான். அதற்குள் சாயங்காலமாகி இருவரும் வந்துவிட்டார்கள்.

மாமா உட்காரக்கூட இல்லை. வெட்டிப் போட்ட பழைய தகட்டைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, பொறுப்பில்லாதவள் கையில் வண்டி கொடுத்தால் இப்படித்தான் என்று ஆரம்பித்தார்.

"நான் தொடச்சுக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.

டிங்கருக்கு வெட்கமாக இருந்தது. பேசாமலிருந்தால் இந்தப் பொழுது எப்படியோ கழிந்துவிடும், அவன் உடம்பும் அதைத்தான் கேட்டது. இருந்தும் எழுந்து போனான். டிரம்மில் கைவிட்டுச் சட்டையை எடுத்து, வண்டியின் பானெட் மேல் போட்டான்.

"அக்கா மேல தப்பில்ல மாமா. ஓட்டைக்குள்ள இதத் திணிச்சு மேல பட்டி பூசுனது நான்தான். அதுல தண்ணி நின்னுதான் அரிச்சிருச்சு."

மாமா காலடியிலிருந்த பழைய தகட்டை ஓரமாகத் தள்ளினார். டிரைவர் பேச்சு அதோடு அடங்கிவிட்டது. அக்கா குனிந்து காலரை விரலால் தடவினாள். அந்தச் சட்டையைத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

"கொடியிலேருந்து காணாமப் போச்சுன்னு சொன்னியேடா."

அவள் திட்டுவாள் என்று நின்றான். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அந்த அழுக்குத் துணியைச் சட்டை மாதிரியே மடித்து ஓரமாக வைத்தாள். வழக்கம்போலக் கிளம்பிவிடுவாள் என்று நினைத்து அவன் வெல்டிங் கண்ணாடியை எடுத்தான். அவளோ மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து வந்து, புதுத் தகட்டுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"வெளிச்சம் கண்ணுக்கு ஆகாதுக்கா. வெளிய நில்லேன்."

"இன்னொரு கண்ணாடி இருந்தாக் குடு" என்றாள் அக்கா. "இருந்து பாத்துட்டே போறேன்."