உச்சியைத் தேடும் பெட்டி

1.
இந்தக் கதை எனக்கு ஒரு சத்தமாகத்தான் வந்து சேர்ந்தது. புயலுக்குப் பிறகு, புவேர்ட்டோ ரிக்கோவின் நடுமலையில் நாங்கள் மின்சாரமில்லாமல் கிடந்த மாதங்களில், பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் இயந்திரம் மூச்சு வாங்குவது பகல் முழுக்கக் கேட்கும். அது கிறிஸ்பினின் ஆக்ஸிஜன் இயந்திரம். நுரையீரல் கெட்டுப்போன மனிதர். அவர் மனைவி இஸ்மயேலா கூரையில் பதித்த சூரியத் தகடுகளை வைத்து அதை ஓட்டினாள். இரவுக்குச் சிலிண்டர், பகலுக்கு வெயில்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘சூரியன் யாரையும் வஞ்சிப்பதில்லை...’ (அடித்துவிட்டேன். வஞ்சிக்கிறது.)

2.
வாசகரே, இது தெரியாமல் கதை நகராது. தகட்டிலிருந்து மின்சாரத்தை மட்டுமீறி இழுத்தால் மின்னழுத்தம் சரிந்துவிடும். தயங்கி இழுத்தால் பாதி வீண். நடுவே ஒரு புள்ளியில்தான் முழுச் சக்தியும் கிடைக்கும்; அதுதான் உச்சி. மேகம் வந்தாலும் வெயில் ஏறினாலும் அந்தப் புள்ளி இடம் மாறும். தகடுகளுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு பெட்டி ஓயாமல் அதைத் தேடிக்கொண்டிருக்கும். ஏதாவது ஒரு தகட்டில் மட்டும் நிழல் விழுந்தால் பெட்டி ஏமாந்துபோகும்; சின்ன மேட்டில் ஏறி நின்று, இதுதான் உச்சி என்று நம்பிவிடும்.

இஸ்மயேலாவின் தகட்டில் சீமைப்பலா மரத்தின் நிழல் விழுந்தது.

“வெட்டிடப் போறேன்.”

“புயலே விட்டுவெச்ச மரம்டி கிழவி. நீ போய் வெட்டுறேங்கற.”

“புயலுக்கா மூச்சுத் திணறுது? உனக்குத்தானே.”

வெட்டினாள். [இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். அவள் அழவில்லை. காய்களை எனக்குக் கொடுத்தனுப்பினாள். அவித்துத் தின்றேன்.]

3.
மரம் போனது, மேகம் போகவில்லை. கிழிசல் கிழிசலாக வந்து ஒரு தகட்டை மூடும், இன்னொன்றை விட்டுவிடும். பெட்டி மறுபடி பொய் உச்சியில் போய் உட்காரும். அதை அணைத்துப் போட்டால் முதலிலிருந்து தேடும் என்று இஸ்மயேலா கண்டுபிடித்தாள். கூரையிலிருந்தே கைக்கு எட்டும்படி பெட்டியை மாடிப்படிக்கு மாற்றினாள். தகடுகளைத் துடைத்தாள், வெயில் போன பக்கம் சாய்த்தாள். சாப்பாடும் மேலேயே.

“கிழவி, கூரையிலயே குடித்தனமா?” கீழிருந்து கிறிஸ்பின் கேட்பார். “கொஞ்ச நேரம் வந்து பக்கத்துல உக்காரேன்.”

“நான் உக்காந்தா உனக்கு யாரு மூச்சு விடறது? சும்மா கிட.”

“பேச ஆளில்லடி.”

“வெயில் வரட்டும், வர்றேன்.”

(அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். முதல் பிரதியில் நானும் நினைத்தேன்.)

4.
ஒருநாள் மத்தியானம் வானம் முழுக்கத் திறந்தது. பெட்டி நிஜ உச்சியைப் பிடித்தது. திக்கித் திக்கி ஓடிய இயந்திரம் சீராக ஓடத் தொடங்கியதை எதிர்ப்பக்கத்திலிருந்து நானும் கேட்டேன்.

“கிறிஸ்பின்! கேக்குதா? இப்ப முழுசா வருதுய்யா!”

கீழிருந்து இயந்திரத்தின் சத்தம் மட்டும் வந்தது.

முடிவு ஒன்று: அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். (எழுதிப் பார்த்தேன். வாக்கியம் நிற்கவில்லை.)

முடிவு இரண்டு: அவள் படியிறங்கிப் போய், கதவைத் தள்ளி, அவர் கையை

முடியவில்லை. நடந்தது எனக்குத் தெரியும்; சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் நான் எழுதாதவரை அவள் கூரைமேல்தான் நிற்கிறாள். முகத்தில் வெயில் அடிக்கிறது. பதிலுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளைக் கீழே கூப்பிட வேண்டுமென்றால், வாசகரே, நீங்களே கூப்பிடுங்கள்.