ஆற்றில் கேட்டது

1

“பதினோரு வருஷமா ஒரு புட்டிக்குக் கை நீட்டி நிக்கிறா என் அக்கா மக. அதைப் போயி நீ வைத்தியம்னு—”

“வைத்தியம்தான் மாமா! உயிரோட நிக்கிறாள்ல? பதினோரு வருஷம் நின்னாள்ல—”

“வரிசையில நிக்கிறதுதான் வாழ்க்கையா? அந்த ஊர்ல—”

“நான் முடிச்சுக்கறேன் மாமா, அப்புறம் நீங்க—”

“நீ மருந்துக்கடையில வேலை பாக்குறவ. கடைக்காரி கடையைத்தான் பேசுவா.”

“நீங்க மரக்கிடங்குல இருந்தவரு. அதான் எதுக்கெடுத்தாலும் ஒரு வேரைப் பிடிச்சுத் தொங்குறீங்க.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

2

இந்தக் கதை மேற்படி சண்டையில் பிறந்தது என்று சொன்னால் பொய். சண்டை நடந்தது மதியம், இலையில் சுற்றிய மரவள்ளியும் புகைமீனும் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள். கதை பிறந்தது அதற்குப் பின், நாலு மணிவாக்கில், ஆற்றில். ஆற்றில் கேட்டதை முதலில் எழுத எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் சண்டையை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

நான் கதைகளைப் பார்ப்பதில்லை. கேட்கிறேன். எங்கள் தலைநகர் லிபர்வில்லில் வானொலிக்கு நாடகம் எழுதிய பழக்கம் அது. ஒருவருடைய முகம் மறந்துபோகும், அவர் எந்தச் சொல்லில் மூச்சு வாங்கினார் என்பது மறக்காது. எங்கே போனாலும் ஒரு நோட்டுப் புத்தகம் கூட வரும். சண்டை ஓய்ந்ததும் இபிங்கா என் பக்கம் திரும்பி, “அக்கா, எங்க சண்டையும் உன் நோட்டுல ஏறியாச்சா? என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுது” என்றார். எழுதிவிட்டேன் தம்பி. நீ ஒல்லியான மனிதன்.

இபிங்கா எனக்கு ஊர்முறையில் தம்பி, சண்டை போட்ட பெண்ணுக்குத் தாய்மாமன். எங்கள் புனு மக்களிடம் தாய்மாமன் சொன்னால் அப்பனே வாயை மூடிக்கொள்வான். அவரோடு சண்டை போட்டவள் பெயர் பெர்த்தில், அக்கா தங்கை இருவரில் இளையவள். மூத்தவள் சிதோனி, அவளைப் பற்றித்தான் சண்டை. சண்டை முழுவதும் அவள் மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

சிதோனிக்கு முப்பத்தொன்பது வயது. கடல் தாண்டி மார்சேய் நகரத்தில் வீடு துடைக்கப் போனவள் படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். வலி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையை நிறுத்தினார்கள். அவளால் நிறுத்த முடியவில்லை. தெருவில் கிடைத்த போதைப் பொடிக்குப் போனாள். பிறகு ஒரு நல்ல டாக்டர் கையில் கிடைத்து மெத்தடோன் சிரப்புக்கு வந்தாள். அன்றிலிருந்து தினமும் ஒரு சிறு புட்டி. இப்போது அம்மாவின் துக்கம் முடிக்கும் சடங்குக்காக ஊருக்கு வந்திருக்கிறாள். வந்த இடத்தில் மாமன் முடிவு செய்துவிட்டார்: போகும்போது புட்டி இல்லாமல் போக வேண்டும். இன்றிரவு அவள் எங்கள் காட்டு மருந்தான இபோகா வேர் தின்னப்போகிறாள்.

(இப்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. சடங்குக் கூடத்தின் பின்னால், வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே சிதோனிக்கு வெள்ளைக் களிமண் பூசுகிறார்கள். வேகமாக எழுத வேண்டும்.)

3

மாலை வெயில் ஆற்றின் மேல்— 

வேண்டாம். இது பொய்த் தொடக்கம். வெயிலே இல்லை.

சிதோனி தண்ணீரில் இறங்கியபோது ஒரு மீன்கொத்தி— 

மீன்கொத்தியும் இல்லை. பதற்றமாக இருந்தால் எனக்குப் பறவைகள் வந்துவிடும்.

3 (மறுபடியும்)

ஆற்றுக்குப் போகும் முன் மருந்துகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் என் பயம் உங்களுக்குப் புரியாது. இதில் பாதி பெர்த்தில் சண்டையில் கத்தியது. பாதி நான் இத்தனை வருடம் கேட்டது.

மெத்தடோன், உடம்புக்குள் அந்தப் பொடி உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்காரும். ஆனால் ஆட்டம் போடாது. ஒரு நாள் முழுக்க எழுந்திருக்காது. ஆள் வேலைக்குப் போகலாம், சமைக்கலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். நாளை மறுபடி குடிக்க வேண்டும். நாளை மறுநாளும்.

நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை ஒன்று இருக்கிறது, ப்யூப்ரநார்ஃபின். அது நாற்காலியில் பாதி உட்காரும், மற்றவர்களையும் உட்கார விடாது. அதில் மூச்சு நின்று சாகும் ஆபத்து குறைவு. ஆனால் முதல் மாத்திரைக்கு முன், பொடி இறங்கி நடுக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் நடுக்கம் நூறு மடங்காகும்.

மூன்றாவது நால்ட்ரெக்சோன். அது கதவைப் பூட்டிவிடும். ஆனால் வீடு ஏற்கெனவே காலியாக இருக்க வேண்டும். வீட்டைக் காலி செய்ய முடிந்தவர்கள் எத்தனை பேர்?

இபோகா நாற்காலியைப் பற்றியே பேசாது. வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறும். ஒரு ராத்திரி, ஒரு பகல், செத்தவர்கள் வந்து பேசுவார்கள், விழுந்து எழுந்தால் நடுக்கம் போயிருக்கும். பலருக்குப் போயிருக்கிறது, என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். சிலருக்குச் சில மாதம் கழித்து ஆசை திரும்பி வந்துவிட்டது, அதையும் கண்டிருக்கிறேன். சிலருக்கு இதயம் நின்றுவிட்டது.*

* இந்தக் கூடத்தின் பூசாரி மொகொம்போ கையில் ஒருத்தன் அப்படிப் போனான். அதிலிருந்து, இதயத்தைப் படம் எடுத்துக் கொண்டுவராதவர்களை அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார். மற்ற பூசாரிகள் அவரை ‘டாக்டர்’ என்று கேலி செய்கிறார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை.

“படந்தான் எடுத்தாச்சே!” என்று இபிங்கா மதியம் அந்தக் காகிதத்தைக் கொடி மாதிரி ஆட்டினார். “பாரு, கோடு அழகா மேல போகுது, கீழ வருது!”

“அது வேர் உள்ள போகாத இதயம் மாமா. வேர் போனப்புறம் யாரு படம் எடுப்பா, நீங்களா?” என்றாள் பெர்த்தில். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னாள், குரலை இறக்கி: “நல்லவேளை, நீ சிரப்பை நிறுத்தி மூணு வாரம் ஆச்சு. அது உடம்புல இருக்கும்போது வேரைத் தின்னா, ரெண்டும் இதயத்தை ஒரே பக்கம் பிடிச்சு இழுக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல இடைவெளி நீண்டுக்கிட்டே போகும். அப்புறம் அடுத்தது வராது.”

சிதோனி இன்னொரு முள்ளை எடுத்து வரிசையில் வைத்தாள்.

“நானே வேண்டாங்கறேன், யாரு கேக்குறீங்க. செத்துப்போனா என்னைக் கூப்பிடாதீங்க” என்று சொல்லிவிட்டு பெர்த்தில் டாக்சி பிடித்து நகரத்துக்குப் போய்விட்டாள். கைபேசிகளை எல்லாம் வாசலில் கூடையில் வாங்கி வைத்தாயிற்று. அவள் எண் எனக்கு மனப்பாடமும் இல்லை.

இங்கே என்னைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நான் கதை எழுதுகிறவள். ஆகவே எனக்கு இபோகாதான் பிடிக்கும். ஒரே ராத்திரி, தீ, யாழ், இறந்த தாய், விடியல். இதில் கதை தானாக நடக்கும். மெத்தடோனில் என்ன கதை இருக்கிறது? செவ்வாய்க்கிழமை குடித்தாள். புதன்கிழமை குடித்தாள். பதினோரு வருடம் சாகவில்லை. இதை எந்த வானொலி ஒலிபரப்பும்? அந்தச் சிரப்பால் எத்தனை பேர் சாகாமல் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், பல நாட்டில், பல வருடம். வேருக்கு அப்படி எண்ணியவர்கள் மிகக் குறைவு. அதற்கு இருப்பதெல்லாம் எங்களைப் போன்றவர்கள் சொல்லும் கதைகள். நான் அப்படி நாலைந்து சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றையாவது சிதோனி சின்ன வயதில் வானொலியில் கேட்டிருப்பாள்.

(இந்தப் பத்தியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.)

4

வழக்கம் இது. முதல்முறை வேர் தின்னப்போகிறவருக்கு ஒரு ‘தாய்’ வேண்டும். ஏற்கெனவே தின்று எழுந்த பெண். அவள்தான் பிற்பகலில் ஆற்றுக்குக் கூட்டிப்போவாள். தண்ணீரில் இடுப்பளவு நின்று, செய்ததை எல்லாம் அவளிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு ராத்திரி முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்திருப்பாள். ஆற்றில் சொன்னது ஆற்றோடு போக வேண்டும். அதைக் கரைக்குக் கொண்டுவந்த வாயை யாரும் அப்புறம் தாய் என்று அழைக்கமாட்டார்கள்.

நான் முப்பத்தேழு பேருக்குத் தாய். ஒன்றும் கரையேறியதில்லை.

“பெரியம்மா, தண்ணி சில்லுனு இருக்கு.”

“ஆறுன்னா அப்படித்தான். வாயைத் திற, சூடாயிடும்.”

சொன்னாள். மார்சேயில் வேலை பார்த்த வீட்டில் ஒரு மோதிரம். அம்மா படுத்திருந்தபோது போனை எடுக்காத நாட்கள். ஒரு மனிதன், அவன் மனைவி. எல்லாம் எல்லோரும் சொல்வதுதான். பிறகு நிறுத்தினாள்.

“அவ்வளவுதானா?”

“இன்னும் ஒண்ணு. நிறுத்தலை பெரியம்மா.”

“எதை?”

“சிரப்பை. மூணு வாரம் ஆச்சுன்னு சொன்னேன்ல, பொய். கையோட கொண்டுவந்ததை மறைச்சு வெச்சுக் குடிக்கிறேன். இன்னிக்குக் காலையிலயும் குடிச்சேன்.”

“எவ்வளவு?”

“எப்பவும் குடிக்கிறதுதான்.” சிரித்தாள். “நிறுத்திப் பாத்தேன், ரெண்டு நாள். எலும்புக்குள்ள எறும்பு. மாமா வீட்டுச் சுவத்தை நகத்தால கீறிட்டேன். பூனைன்னு சொன்னாரு.”

“மொகொம்போகிட்ட சொல்லிடு. இப்பவே போயி சொல்லிடலாம் வா.”

“சொன்னா அனுப்பிடுவாரு. நான் திரும்பிப் போயி அந்த மருந்து குடுக்குற ஜன்னல்ல நிக்கணும். ‘வாயைத் திறங்க, முழுங்கிட்டீங்களா’ன்னு கேக்குற பொண்ணு என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவ. நல்ல பொண்ணு. பிறந்தநாளுக்கு வாழ்த்துகூடச் சொல்லுவா. எனக்கு அவளைப் பாக்கவே பிடிக்கலை பெரியம்மா.” தண்ணீரை இரண்டு கையிலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். “ஆத்துல சொன்னது ஆத்தோட. அப்படித்தானே?”

“அப்படித்தான்” என்றேன்.

எழுபத்து மூன்று வருடத்தில் நான் சொன்ன மிக மோசமான வசனம் அதுதான். வானொலியில் இயக்குநர் வெட்டியிருப்பார்.

5

நான் என்கிற இந்தக் கிழவி எனக்குப் பிடிக்கவில்லை. நோட்டில் முன் பக்கத்தைத் திருப்பினால் தெரியும், அவளை மாற்றப் பார்த்திருக்கிறேன். முதலில் செவிடாக்கினேன். தண்ணீர்ச் சத்தத்தில் கடைசி வாக்கியம் அவள் காதில் விழவில்லை. பிறகு அவளுக்கு மருந்துகளைப் பற்றி ஒன்றும் தெரியாதபடி செய்தேன். இரண்டும் நிற்கவில்லை. அவளுக்கு நன்றாகக் காது கேட்கும். பெர்த்தில் சொன்னதில் ஒரு சொல்லும் தவறவில்லை.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். என் எதிரே முப்பத்தேழு பேர் தண்ணீரில் நின்றது ஞாபகம் வருகிறது. நான் சொன்னால், அடுத்து வருகிறவர் ஆற்றிலும் பொய் சொல்வார். இவர்களுக்கு உண்மை பேச இருப்பது அந்த ஒரு இடம். ஆஸ்பத்திரியில் “வேர் தின்றீர்களா” என்று கேட்டால் இல்லை என்கிறோம். கூடத்தில் “வெள்ளைக்கார மருந்து குடித்தாயா” என்று கேட்டால் இல்லை என்கிறோம். இரண்டு வைத்தியரும் நல்லவர்கள், இரண்டு பேரையும் வருத்தப்படுத்த நமக்கு மனசு வராது. இது—

இது சாக்கு. பெரிய வார்த்தைகளில் சொன்ன சாக்கு. எனக்கு ‘தாய்’ என்ற பெயர் போய்விடுமோ என்று பயம். எழுதிவிட்டேன்.

6

முடிவுகள்.

அ. கிழவி எழுந்துபோய்ச் சொல்லிவிடுகிறாள். மொகொம்போ யாழை உறையில் போடச் சொல்கிறார். மூயிலா ஊரிலிருந்து வந்த உறவினர்கள், விருந்துக்கு வெட்டிய ஆட்டை யார் தின்பது என்று சண்டை போடுகிறார்கள். சிதோனி விமானம் ஏறுகிறாள். ஜன்னலில் நிற்கிறாள். செவ்வாய்க்கிழமை குடிக்கிறாள். அல்லது கோபத்தில் குடிக்காமல், அந்தப் பழைய தெருவுக்குப் போகிறாள். இந்த முடிவு எங்கே போகும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆ. கிழவி சொல்லவில்லை. விடிகிறது. சிதோனி கண் விழித்து, “அம்மாவைப் பாத்தேன், பச்சைப் புடவை—”

எங்கள் ஊரில் எங்கிருந்து புடவை வந்தது? பார்த்தீர்களா, பொய்யை எழுதினால் கையே காட்டிக்கொடுக்கிறது. பச்சைத் துணி. அதுவும் பொய்தான்.

இ. கிழவி சொல்லவில்லை. கை அவள் நெஞ்சில் இருக்கிறது. ஒரு துடிப்பு. பிறகு—

இதை எழுதமாட்டேன்.

ஈ. வாய்தான் பேசக் கூடாது என்பது வழக்கம். நோட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதினேன்; உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். நீங்கள் ஆற்றுக்கு வரவில்லை. நீங்கள் யாருக்கும் தாய் இல்லை. உங்கள் வாய்க்கு எந்தத் தடையும் கிடையாது. இதைப் படித்த யாராவது எழுந்து, கூடத்துக்குள் போய், இரண்டே வார்த்தை சொன்னால் போதும்.

ஆனால் நீங்கள் இதைப் படிக்கும்போது, இங்கே எல்லாம் முடிந்திருக்கும்.

7

உள்ளே யாழ் சுருதி கூட்டுகிறார்கள். இபிங்கா கூடத்தின் முன்னால் பந்தம் கொளுத்துகிறார். அவர் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அக்கா செத்தபின் நான் பார்த்ததில்லை. சிதோனி வாசலில் வந்து நிற்கிறாள், தலைமுதல் கால்வரை வெள்ளை. என்னைப் பார்க்கிறாள். நோட்டைப் பார்க்கிறாள்.

மொகொம்போ அவளிடம் “வெள்ளைக்கார மருந்து குடித்தாயா” என்று கேட்கிறார். அவள் இல்லை என்று தலையாட்டுகிறாள். இபிங்காவிடம் கேட்கிறார். அவரும் இல்லை என்கிறார். கடைசியாகத் தாயிடம் கேட்பது அவர் வழக்கம்.

வருகிறார். கையில் கிண்ணம், துருவிய வேர், அதை ஊட்டுவதற்கு உள்ளே ஒரு கரண்டி. எனக்கு முன்னால் நிற்கிறார். பெரியவர் முன்னால் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பது மரியாதை இல்லை. தெரிந்தேதான் எழுதுகிறேன், எழுதும்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை.

அவர் பொறுத்துப் பார்க்கிறார். பிறகு குனிந்து, சத்தம் இல்லாமல் கேட்கிறார்:

“அம்மா, நான் கரண்டியை எடுக்கட்டுமா?”