ஆளுக்குப் பாதி

பெவ் கணக்குப் போடப் பேனா தேடமாட்டாள், விரலே போதும். ஷவானோ ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பன்னிரண்டு பேரில் அவளுக்குத்தான் வாய் அதிகம். வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து ஷெட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, கூட பஸ் ஓட்டும் லோர்னாவின் மூக்குக்கு நேராக விரல்களை நீட்டினாள்.

"அந்தக் கிடங்குக் கடைக்குப் போக நாப்பது மைலு, வர நாப்பது மைலு. உன் ஓட்டை வேனுக்கு பெட்ரோலே பதிமூணு டாலர். அங்க போயி என்ன மிச்சம் புடிக்கிற? டாய்லெட் பேப்பர்ல ஆறு டாலர், காபித்தூள்ல நாலு, முட்டையில ரெண்டு. ஆக பன்னெண்டு. ஏன்டி, மாசாமாசம் ஒரு டாலர் நஷ்டப்படவா சனிக்கிழமை பாதி நாளத் தொலைக்கிற? கார்டுக்குக் கட்டுற வருஷக் காசு தனி."

"கார்டு கர்ட்டோடது. அவன் போன அக்டோபர்லயே கட்டிட்டான்."

"சரி, அழுகிப்போச்சுன்னு குப்பையில போட்டியே சாலட் கீரை, அது?"

"அது ஒரு தடவைதான்."

"மூணு தடவை. குப்பைத்தொட்டிய நான்தான தெருவுக்கு இழுத்துட்டு வந்தேன், உனக்கு முதுகு புடிச்சப்ப."

"மொத்தமா வாங்குறதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? விலைவாசி ஏறுற ஏத்தத்துல இப்படி வாங்கினாதான் கட்டும்" என்று சொல்லிவிட்டு லோர்னா கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

பெவ் போட்டது சரியான கணக்கு. அது லோர்னாவுக்கும் தெரியும். ஏப்ரல் மாதமே கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கூட்டிப் பார்த்தவள்தான். பெவ் சொன்னதைவிட அதிகமாகவே நஷ்டம் வந்தது. காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். பிறகு அடுத்த சனிக்கிழமைக்கு என்னென்ன வாங்குவது என்று வேறொரு காகிதத்தில் எழுதினாள்.

அவளுக்கும் கர்ட்டுக்கும் இருபத்தாறு வருஷக் கல்யாணம். பிப்ரவரியில் முறித்துக்கொண்டார்கள். சண்டை கிடையாது, குடி கிடையாது, இன்னொருத்தி கிடையாது. மகள் ஜோலீன் அரிசோனாவுக்கு வேலைக்குப் போனபின், சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேருக்கும் பேச விஷயமில்லாமல் போயிற்று, அவ்வளவுதான். வீடு அவளுக்கு, பிக்கப் வண்டி அவனுக்கு, படகை விற்று ஆளுக்குப் பாதி என்று வக்கீல் எழுதினார். கடைசியில், வருஷச் சந்தா கட்டியவர்களை மட்டுமே உள்ளே விடும் அந்தக் கிடங்குக் கடையின் கார்டு மிஞ்சியது. அவன் பெயரில் ஒன்று, வீட்டில் கூட இருப்பவள் என்று அவளுக்கு ஒன்று. கர்ட் இரண்டையும் வெட்டிப்போடக் கத்தரிக்கோல் கேட்டான். "அக்டோபர் வரைக்கும் காசு கட்டியிருக்கு. வீணாக்காத. மாசம் ஒருக்கா சேந்து போயி வாங்கிப் பாதி பாதி எடுத்துக்கலாம், மிச்சம் ஆகும்" என்றாள் லோர்னா. இதைச் சொல்லப்போகிறோம் என்று சொல்லும்வரை அவளுக்கே தெரியாது.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை பத்து மணிக்கு, கிரீன் பே ஊரின் ஓரத்தில், விமானம் நிறுத்தலாம் போலிருக்கும் அந்தக் கடையின் பார்க்கிங்கில் இருவரும் சந்திப்பார்கள். ஐந்து டஜன் முட்டையையும் முப்பது ரோல் டாய்லெட் பேப்பரையும் அவள் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துப் பிரிப்பார்கள். காபித்தூளை அவள் கொண்டுவந்த டப்பாவில் பாதி கொட்டுவான். சுட்ட கோழிதான் பெரிய வேலை. அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள், அவன் காலைப் பிடித்துத் திருகிப் பிய்ப்பான். எண்ணெய்க் கையோடு இருவரும் நிற்பார்கள். "நெஞ்சுக்கறி உனக்கு" என்பான். அவ்வளவுதான் பேச்சு. லோர்னா நாற்பது மைல் திரும்பி ஓட்டிப்போய்ப் பாதிக் கோழியை நின்றபடியே தின்பாள்.

அவளுக்கு அதில் பெரிய சந்தோஷம் இருந்தது என்று சொல்ல முடியாது. எதுவுமே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல எட்டு மாதமாக உள்ளே மரத்துக் கிடந்தது. ஆறு மணிக்கு பஸ், மூன்று மணிக்கு பஸ், எட்டு மணிக்குப் படுக்கை. முதல் சனிக்கிழமைக்கு மட்டும் தலைமுடியைச் சீவிக்கொண்டாள்.

இந்தச் சனிக்கிழமையோடு கார்டின் வருஷம் முடிகிறது. கர்ட் மறுபடி காசு கட்டினால் இன்னும் பன்னிரண்டு சனிக்கிழமைகள் உண்டு. கட்டாவிட்டால் அவனைப் பார்க்க அவளுக்கு ஒரு சாக்கும் இல்லை.

மறுநாள் காலை பார்க்கிங்கில் இடமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் மேட்ச் என்றால் அந்த ஊரில் கல்யாண வீட்டுக்கு வாங்குவது போல வாங்குவார்கள். எப்போதும் எங்கோ தள்ளி நிறுத்துகிற கர்ட்டின் பிக்கப் இன்றைக்கு அவள் வேனுக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டது. அவள் கதவைத் திறந்து இறங்கவும், காற்று வந்து பிக்கப்பின் தார்ப்பாயைத் தூக்கிப் போடவும் சரியாக இருந்தது.

உள்ளே போன மாதத்துப் பதினைந்து ரோல். அதற்கு முந்தின மாதத்துப் பதினைந்து, அதற்கும் முந்தினது. பாதி காபித்தூளோடு டின் நான்கு, பிரித்தபின் மூடிமேல் அவன் ஒட்டிய டேப்பைக் கூட எடுக்காமல். ஒரு ஓரத்தில் ஊறிப்போன சோப்புத்தூள் பெட்டி.

கர்ட் அவசரமாகத் தார்ப்பாயை இழுத்தான். ஹீட்டர் ரிப்பேர் பார்க்கிறவன், கை சுருக்கு. ஆனாலும் தாமதம்தான்.

"என்ன கர்ட் இது? கடை வச்சிருக்கியா?"

"மாடியில ஒத்த ரூமு லோர்னா. பேக்கரிக்கு மேல. எங்க கொண்டுபோயி வைக்கிறது? கட்டிலுக்கு அடியில ரொம்பிப் போச்சு."

"முட்டை?"

"கீழ பேக்கரிக்காரம்மாவுக்குக் குடுத்துருவேன். கேக் போடுறாங்க." அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "கோழி மட்டும் அன்னைக்கே தின்னுருவேன். அதுல வீணாக்கல."

"அப்ப எதுக்கு மாசாமாசம் வந்த?"

கேட்டுவிட்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக உள்ளே ஏதோ ஒன்று அசைந்தது. எந்தப் பதிலுக்காக அவள் காத்திருந்தாள் என்று பச்சைக் குழந்தைக்குக் கூடப் புரியும். கர்ட்டுக்குப் புரியவில்லை. அவன் நல்லவன், அதுதான் அவனோடு எப்போதும் தொல்லை.

"நீதான மிச்சம் மிச்சம்னு சொன்ன. ரெண்டு பேரா வாங்கினாதான் கட்டும்னு. உன் பஸ் சம்பளத்துல வீட்டு வரி வேற கட்டணும். நான் வரலன்னா உனக்குக் கஷ்டமாயிருமேன்னு வந்தேன்."

லோர்னா வேன் கதவைச் சாத்திப் பூட்டினாள்.

"என் பங்குக்கு இதுவரைக்கும் நூத்தம்பது டாலருக்கு மேல தண்டம்தான்" என்று சிரித்தான். "பரவால்ல. உனக்காவது உதவிச்சே. உதவிச்சுல்ல? இல்லன்னா இந்த எட்டு மாசமும் ரெண்டு பேரும் பைத்தியக்காரத்தனமால்ல அலைஞ்சிருப்போம்."

எனக்கும் நஷ்டம்தான் கர்ட், நான் உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். இந்த வாக்கியம் முழுசாக அவள் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது, ஒரு கடமையை ஒழுங்காக முடித்துவிட்டவனின் நிம்மதி. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

"ஆமா, நல்ல உதவி. எவ்வளவோ மிச்சம்" என்றாள்.

"நெனச்சேன். அப்ப ஒண்ணு செய்யலாம். எனக்கு இனி இந்தக் கார்டு வேணாம். உன் பேருக்கே புதுசா ஒண்ணு எடுத்துக்க. முழுசும் உனக்கே கெடைக்கும், பாதி பாதின்னு பிரிக்கிற வேலையும் இல்ல. வா, கூட வந்து முடிச்சுத் தரேன்."

மறுக்க வழியில்லை. மிச்சம் என்று வாய்விட்டுச் சொன்னவள் வேறு எப்படி மறுப்பாள்? தன் பொய்க்குத் தானே காசு கட்ட, அவன் பின்னால் நடந்தாள்.

உள்ளே நுழைந்ததும் இடதுபக்கம் கார்டு மேஜை. சட்டையில் 'ப்ரியன்னா' என்று பெயர் குத்தியிருந்த பெண் கர்ட்டின் கார்டை வாங்கிக் கணினியில் பார்த்தாள்.

"மூடிடலாமா சார்? ஏதாச்சும் குறை இருந்துச்சா? இருந்தா சொல்லுங்க, கட்டுன காசை முழுசாத் திருப்பித் தந்துடுவோம்."

"குறையா? அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றான் கர்ட்.

பிப்ரவரியில் வக்கீலும் இதையேதான் கேட்டார், இரண்டு பேரும் இதே பதிலைத்தான் சொன்னார்கள். ப்ரியன்னா இரண்டு பழைய கார்டுகளையும் மேஜைக்கு அடியிலிருந்த கூடையில் போட்டாள். விழுந்த சத்தம் கூடக் கேட்கவில்லை.

"மேடம், உங்களுக்கு இன்னொண்ணு போடணும்ல? அறுபது டாலர்."

லோர்னா மூன்று இருபதுகளை எடுத்து வைத்தாள். பெயர் சொன்னாள், விலாசம் சொன்னாள், போன் நம்பர் சொன்னாள். பெண்ணின் விரல்கள் தட்டிக்கொண்டே போயின.

"இதோட இன்னொரு கார்டு சும்மாவே தருவோம் மேடம், உங்க வீட்டுல இருக்கிற ஒருத்தருக்கு. யார் பேரு போடட்டும்?"

கர்ட் பக்கத்தில்தான் நின்றான். சட்டென்று, எதிர்ச் சுவரில் அடுக்கியிருந்த கார் டயர்களின் விலையைப் படிக்க ஆரம்பித்தான். அவன் பிக்கப்புக்குப் புது டயர் போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது.

பிரிந்த இந்த எட்டு மாதத்தில் மகள் ஜோலீன் கேட்கவில்லை, பெவ் கேட்கவில்லை, சர்ச்சில் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அவள் மனம் நோகாமல் சுற்றிவளைத்துத்தான் பேசினார்கள். முன்பின் தெரியாத பெண் ஒருத்தி, கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காக நேராகக் கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டு, விசைப்பலகையில் விரல் வைத்து, சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.

"வீட்டுல வேற யாரும் இல்ல" என்றாள் லோர்னா.

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் மரத்திருந்த இடத்தில் வலி தொடங்கிவிட்டது அவளுக்குத் தெரிந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி மேடம், அதைக் காலியாவே விட்டுடறேன். கொஞ்சம் தள்ளி நின்னு, கார்டுல போடுற போட்டோவுக்கு இந்தக் கேமராவைப் பாருங்க."

கர்ட் இன்னும் டயர் விலையைப் படித்துக்கொண்டிருந்தான். லோர்னா கேமராவைப் பார்த்தாள்.